கம்பி ஒரு கட்சி, தட்டு ஒரு கட்சி

நூறு கிலோ அரிசி மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு பலகை வழியாக லாரிக்கு ஏறுகிறவன் நான். அதில் பாதி எடைகூட இல்லாத ஓர் இரும்புக் கம்பியைத் தலைக்கு மேல் உயர்த்த முடியாமல் ஒருநாள் எல்லார் முன்னாலும் நின்றேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. குடவாசல் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் லோடுமேன் வேலை. வண்டியில் வருகிற நெல்லை இறக்க வேண்டும், கிடங்கில் அட்டி அட்டியாக அடுக்க வேண்டும், அரைத்த அரிசியை லாரியில் ஏற்ற வேண்டும். எங்கள் குடும்பம் பண்ணையில் கூலிவேலை செய்த குடும்பம். வயலை விட்டு மில்லுக்கு வந்த முதல் ஆள் நான்தான்.

கடைத்தெருவில் கட்சிக்காரர்கள் நடத்திய மன்றம் ஒன்று இருந்தது. முன்பக்கம் படிப்பகம்: பெஞ்சு, பத்திரிகைகள், ஒரு ரேடியோ. பின்பக்கம் கீற்றுக் கொட்டகையில் உடற்பயிற்சிக்கூடம். ஒரு கம்பி, அதில் மாட்டுகிற இரும்புத் தட்டுகள், இரண்டு கர்லாக்கட்டை, அவ்வளவுதான் சாமான். அதைப் பார்த்துக்கொண்டவன் என் நண்பன். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, என் வயதுதான், அதே தெருவில் அவர்களுக்கு இரும்புக்கடை. அவனுடைய மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பயிற்சிப் படம் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. எந்த நாளில் எதைத் தூக்க வேண்டும், எத்தனை தடவை என்றெல்லாம் அதில் போட்டிருக்கும்.

பேப்பர் படிக்கப் போன என்னை அவன்தான் பின்னால் கூப்பிட்டான். கம்பியை மார்புவரை சுலபமாகக் கொண்டுவந்துவிட்டேன். அங்கிருந்து மேலே போகவில்லை. இடுப்பு பின்னால் வளைந்தது. மன்றத்துப் பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"மாப்ளே, நீ சுமக்கிறவன். தூக்குறவன் இல்ல. ரெண்டும் வேற" என்றான்.

எனக்கு அவமானமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட ஆச்சரியம்தான் அதிகம். என் உடம்பு எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதில் பாதியை நான் பயன்படுத்தவே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மில்லில் எனக்கு மூத்தவர்கள் எல்லாரும் வலப்பக்கம் சாய்ந்தே நடப்பார்கள். காரணம், மூட்டை எப்போதும் வலது தோளில்தான் ஏறும். எனக்கும் வலது தோள் தடித்து, இடது தோள் சூம்பியது மாதிரி இருந்தது. நாற்பது வயதில் நானும் அப்படிச் சாய்ந்து நடக்கப்போவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

அது சித்திரை மாதம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மில்லில் அரைக்க நெல்லும் அதிகம் இல்லை. தினமும் சாயங்காலம் போனேன், படத்தில் போட்டிருந்தபடியே செய்தேன். உடம்பு நன்றாக ஏறிக்கொண்டு வந்தது. கம்பி தலைக்கு மேல் போக ஆரம்பித்தது. இப்படியே போனால் தஞ்சாவூரில் நடக்கிற ஜில்லாப் போட்டிக்குப் போகலாம் என்று நண்பன் சொன்னான்.

புரட்டாசியில் குறுவை அறுப்பு ஆரம்பமானதும் எல்லாம் தலைகீழாயிற்று. விடிந்தது முதல் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். நாள் முழுக்க மூட்டை இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே படத்தைப் பார்த்து அதே பயிற்சியைச் செய்தேன். போன மாதம் தூக்கிய எடை இப்போது கிளம்பவே இல்லை. இன்னும் கொஞ்சம் முயன்றால் சரியாகும் என்று நினைத்து முயன்றேன். ஒருநாள் காலையில் பலகையின் நடுவில் கால் மடங்கி, மூட்டை தோளை விட்டு நழுவியது. கீழே விழுந்து வாய் பிளந்து, அரிசி முழுக்கத் தரையில்.

மேஸ்திரி ஓடிவந்தார். லோடுமேன்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். அடிக்கிற ஆள் இல்லை, ஆனால் வாய் சும்மா இருக்காது.

"நாள் பூரா தூக்குறது பத்தாதா ஒனக்கு? சாயங்காலம் வேற போயி இரும்பத் தூக்கணுமா? ஒண்ணு அங்க தூக்கு, இல்ல இங்க தூக்கு."

களத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தோடு வந்து அரிசியை அள்ளினார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "காலைல வர்றப்பவே களைச்சுப்போயி வர்றீங்க. எங்க வேலை செஞ்சுட்டு வர்றீங்க?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பின்னாளில் அவளைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

இரண்டில் ஒன்றை விட எனக்கு மனமில்லை. மில் வேலை சோறு போட்டது. கம்பியோ நான் எனக்காகச் செய்துகொண்ட ஒரே காரியம். அன்று மத்தியானம் சாக்கு அட்டிமேல் படுத்துக்கொண்டு யோசித்தேன். அந்தப் படம் கடையிலும் ஆபீசிலும் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்காகப் போட்டது. அவன் உடம்புக்கு நாள் முழுக்க வேலை இல்லை, அதனால் அவன் எல்லாவற்றையும் சாயங்காலம் செய்தாக வேண்டும். என் கால்களும் முதுகும் பகலிலேயே அவன் வாரம் முழுக்கச் செய்வதைவிட அதிகம் செய்துவிடுகின்றன. அதையே சாயங்காலம் திரும்பவும் செய்தால் அது பயிற்சி இல்லை, ஓவர்டைம்.

நண்பனிடம் போய்ச் சொன்னேன். "அறுப்புக் காலம் முடியிற வரைக்கும் குனிஞ்சு தூக்குறது, உட்கார்ந்து எழுந்திரிக்கிறது ரெண்டையும் நிறுத்தப்போறேன். மூட்டை அதைப் பார்த்துக்கும். தலைக்கு மேல தூக்குறது, உத்திரத்தப் பிடிச்சுத் தொங்கி மேல இழுக்குறது, இந்த ரெண்டுதான். அதுவும் வாரத்துல ரெண்டு நாளுதான் வருவேன்."

"படத்துல வாரம் ஆறு நாள் போட்டிருக்கே."

"படம் போட்டவன் மூட்டை தூக்கியிருக்கானா?"

அவனுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் சரி என்றான்.

எந்த இரண்டு நாள் என்பதை மின்வெட்டு தீர்மானித்தது. அந்தக் காலத்தில் கரண்ட் தட்டுப்பாடு. வாரத்தில் சில நாள் மில்லுக்குக் கரண்ட் வராது. அரவை நின்றால் லாரி வராது. ஊரே கரண்டைத் திட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் சந்தோஷமாகக் கொட்டகைக்குப் போவேன். கனமாக வைத்துக் கொஞ்சம் தடவை மட்டும் தூக்குவேன். இன்னும் ஒன்று தூக்கலாம் என்று இருக்கும்போதே கம்பியைக் கீழே வைத்துவிடுவேன். நிறுத்துவதற்குத்தான் ரொம்பப் பழக வேண்டியிருந்தது.

மில்லிலும் ஒன்றை மாற்றினேன். மூட்டையை இடது தோளிலும் வாங்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் வலப்பக்கமாகத் திரும்பி இறங்க, நான் மட்டும் இடப்பக்கம் திரும்புவேன். பலகையில் இடித்துக்கொள்வோம். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மத்தியானத்துக்கு மேல் எல்லாரும் இடது தோளுக்கு மாறினால் இடிக்காது என்று அவரே ஒரு வழி சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே மாறினார்கள்.

சாப்பாட்டிலும் கணக்குப் பார்த்தேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்து, ஊர்க்கதை பேசி, அப்புறம் சாப்பிடுவது என்பதை விட்டேன். தோளிலிருந்து கடைசி மூட்டை இறங்கியதும் தூக்குவாளியைத் திறந்துவிடுவேன். பழையது, கருவாடு, துணியில் கட்டிக்கொண்டு போன வறுத்த கடலை. எங்கள் வீட்டுக் கோழி இட்ட முட்டையெல்லாம் எனக்கு என்று ஆனதில் என் தம்பிகளுக்கு வருத்தம்தான். மத்தியானம் மற்றவர்கள் சீட்டு ஆடும்போது நான் சாக்கு விரித்துத் தூங்கினேன்.

குறுவை முடிவதற்குள் பலன் தெரிந்துவிட்டது. சித்திரையில் மார்போடு நின்றுபோன எடைக்கு மேல் இன்னும் இரண்டு தட்டுப் போட்டு, வளையாமல் நேராக மேலே கொண்டுபோய் நிறுத்தினேன். நண்பன் கம்பியைச் சுற்றிவந்து பார்த்தான். அப்புறம் நாற்காலி போட்டு ஏறி, சிங்கப்பூர்ப் படத்தைக் கழற்றினான்.

அந்த ஐப்பசியில் கட்சி இரண்டாக உடைந்தது. கடைத்தெருவில் நேற்றுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள் இன்றைக்கு எதிரெதிர் கடைகளில் குடித்தார்கள். மன்றத்துச் சாமான்களைப் பிரிக்கக் கூட்டம் போட்டார்கள். ரேடியோ இவர்களுக்கு, பெஞ்சு அவர்களுக்கு, கேரம்போர்டுக்குத் தனியாக ஒரு சண்டை. கம்பி என் நண்பனின் கடையிலிருந்து வந்தது. அவன் புதுக்கட்சிப் பக்கம் போனான், கம்பியும் அவனோடு போயிற்று. தட்டுகள் ஊரில் வசூல் செய்து வாங்கியவை. அவை பழைய கட்சியிடம் நின்றுவிட்டன.

தட்டு இல்லாத கம்பியை என்ன செய்வது? புதுக்கட்சி ஆபீசில் அதைக் கதவுக்குக் குறுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டார்கள். பழைய கட்சிக்காரர்கள் மூங்கில் கொடிமரத்தின் அடியில் தட்டுகளைக் கோத்து, காற்றில் சாயாமல் நிறுத்திக்கொண்டார்கள். நான் இரண்டு பக்கமும் போய்க் கேட்டுப் பார்த்தேன். எங்கள் தெருவே செங்கொடிச் சங்கம், கம்யூனிஸ்டுகளின் விவசாயக் கூலிகள் சங்கம். அதனால் இரண்டு பக்கமும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"தட்டக் குடுத்தா நேரா அங்கதான் போவும். தெரியாதா எங்களுக்கு?" என்றார் பழைய கட்சிச் செயலாளர்.

நண்பன் சங்கடப்பட்டான். "மாப்ளே, என் கையில இல்ல. கம்பிய வெளிய விட்டா என்னைக் கட்சிய விட்டே அனுப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, கடையில் பழைய இரும்போடு கிடந்த ஒரு வண்டி அச்சைக் கொடுத்தான். அதன் இரண்டு முனையிலும் மணல் மூட்டை கட்டித் தூக்கினேன். மேலே போகும்போது மணல் ஆடும், அச்சு சுழலும். எரிச்சலாக இருந்தாலும் நிறுத்தவில்லை.

தை மாதம் சம்பா அறுப்பில் கூலித் தகராறு வந்தது. அறுப்புக்கு இவ்வளவு நெல் வேண்டும் என்று சங்கம் கேட்டது. மிராசுதார்கள் மறுத்தார்கள். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து, போலீஸ் காவலோடு அறுத்தார்கள். அப்படி அறுத்த நெல் ஒருநாள் எங்கள் மில் வாசலுக்கு வண்டி வண்டியாக வந்து நின்றது. லோடுமேன்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வயல்களில் வேலை இழந்து நின்றவர்களின் பிள்ளைகள், தம்பிகள்.

யாரும் கூடிப் பேசவில்லை. மூட்டை இழுக்கிற கொக்கியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சும்மா நின்றோம்.

"இறக்குங்கடா" என்றார் கூட வந்த போலீஸ் அதிகாரி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உயரமாக, நேராக நிற்கிற ஆள் என்பதால் இருக்கலாம். "நாங்க இறக்க மாட்டோம் சார். இது எங்க ஆளுங்க அறுக்காத நெல்லு" என்றேன்.

அதிகாரி மேஸ்திரியிடம் திரும்பினார். மேஸ்திரி மில் முதலாளிக்கு வேண்டியவர், எங்கள் தெருக்காரரும் இல்லை. அவர் கொஞ்சநேரம் வண்டிகளைப் பார்த்தார். பிறகு தோளில் போட்டிருந்த சாக்குத்துணியை எடுத்து, உதறி, நான்காக மடித்துச் சுவரோரம் வைத்துவிட்டு எங்களோடு வந்து நின்றார்.

இரண்டு போலீஸ்காரர்கள் தாங்களே ஒரு மூட்டையை இறக்கப் பார்த்தார்கள். வண்டிச் சட்டம்வரை இழுத்தார்கள். அதற்குமேல் அது நகரவில்லை. வண்டிகள் வந்த வழியே திரும்பின.

மில்லை மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் கஞ்சித்தொட்டி திறந்தோம். பழைய கட்சி ஒருநாள் அரிசி கொடுத்தால் மறுநாள் புதுக்கட்சி அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும். அந்தப் போட்டியால் எங்கள் அடுப்பு அணையவில்லை. ஆனாலும் கஞ்சிதான். முட்டை எல்லாம் தெருப் பிள்ளைகளுக்குப் போயிற்று. வேலை இல்லை, நேரம் நிறைய இருக்கிறது, தினமும் தூக்கலாமே என்று மனசு சொல்லும். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் தூக்கினால் உடம்பு தன்னையே தின்னும் என்று எனக்குப் புரிந்திருந்தது. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் அச்சைத் தூக்கினேன், இருக்கிற பலம் போகாமல் இருக்க. பலம் நின்றது. உடம்புதான் இளைத்தது.

கடைசியில் தாலுக்கா ஆபீசில் பேச்சுவார்த்தை. தாசில்தார், மிராசுதார்கள், சங்கத்தார், ஆதரவு கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு இரண்டு கட்சிச் செயலாளர்களும். லோடுமேன்கள் சார்பில் நானும் மேஸ்திரியும். சங்கம் கேட்டதில் பெரும்பகுதிக்கு மிராசுதார்கள் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் யாரையும் மில்லை விட்டு நீக்கக்கூடாது என்றும் முடிவாயிற்று. வெளியே வராந்தாவில் எல்லாரும் டீ குடித்தோம். பல மாதங்களுக்குப் பிறகு இரண்டு செயலாளர்களும் ஒரே இடத்தில் நின்றார்கள். இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

"இன்னொரு கோரிக்கை பாக்கி இருக்குங்க" என்றேன்.

"என்னப்பா?"

"கம்பியும் தட்டும் ஒண்ணு சேரணும்."

தாசில்தார் ஆபீஸ் பியூன்கூடச் சிரித்துவிட்டார். பழைய கட்சிக்காரர் புதுக்கட்சிக்காரரைப் பார்த்தார். "அவங்க எடத்துக்கு எங்க தட்டு போவாது."

"நீங்க குடுத்தாலும் எங்களுக்கு வேணாம்" என்றார் புதுக்கட்சிக்காரர்.

"ரெண்டு பேர் எடமும் வேணாங்க. மில்லுப் பக்கத்துல எங்க லோடுமேன் கொட்டாய் இருக்கு. அங்க வைக்கிறோம். யார் வேணா வரலாம். கரைவேட்டிய மட்டும் அவுத்து வெளிய மாட்டிட்டு வரணும்."

"எங்க சங்கத் துண்டும் வெளியதான்" என்று சேர்த்துக்கொண்டார் மேஸ்திரி. சங்கத்தில் அவர் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். தட்டுகளை எடுக்கப் போனபோது ஒரு சிக்கல். அவற்றைக் கழற்றினால் கொடிமரம் சாய்ந்தது. சிமெண்டு குழைத்துப் போட்டு, காயும்வரை செங்கொடிக்காரன் நான் அந்தக் கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கம்பியில் தட்டு ஏறிய அதே வாரம் நண்பன் தஞ்சாவூர் போய் வந்தான். அவன் முகம் சரியாக இல்லை.

"மாப்ளே, இனிமே போட்டியில பிரஸ் கெடையாதாம். எடுத்துட்டாங்களாம். ஸ்னாட்சும் ஜெர்க்கும் மட்டும்தானாம்."

பிரஸ் என்பது மார்பிலிருந்து கையின் பலத்தால் மட்டுமே மேலே தூக்குவது. அறுப்புக் காலம் முழுக்க நான் உழைத்தது அதற்குத்தான். கையிலிருந்த தட்டைக் கம்பியில் மாட்டினேன். அப்புறம் கேட்டேன். "ஜெர்க்குல காலை உபயோகிக்கலாம் இல்ல?"

"காலாலதான் தள்ளணும்."

"அப்ப எனக்கு நல்லதுதான்."

நிஜமாகவே நல்லதாகத்தான் போயிற்று. பலகை ஏறி ஏறிக் கால்கள் தேக்கு மாதிரி ஆகியிருந்தன. அவற்றுக்கு ஈடாக என்னிடம் இல்லாதிருந்த தோள் பலத்தைத்தான் நான் பிரஸ் செய்து சம்பாதித்திருந்தேன். இப்போது இரண்டையும் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. மாசி, பங்குனியில் லோடு இருந்தது. பழையபடி மின்வெட்டு நாளில் மட்டும் தூக்கினேன். சித்திரை வந்து மில் ஓய்ந்ததும் தினமும் பழகினேன். ஸ்னாட்ச் மட்டும் எனக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. ஒரே வீச்சில் தரையிலிருந்து தலைக்கு மேல் கொண்டுபோகிற அந்த வேகம் மூட்டை தூக்குகிறவனிடம் இல்லை.

வைகாசியில் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் போட்டி. எடை போட்டுப் பார்த்தபோது, நான் நினைத்திருந்த பிரிவுக்குக் கீழே உள்ள பிரிவில் விழுந்தேன். கஞ்சித்தொட்டி நாட்களில் இளைத்தது முழுவதும் திரும்ப ஏறவில்லை. என் பிரிவில் மற்றவர்கள் காலேஜ் பையன்கள், போலீஸ்காரர்கள். எனக்குக் கான்வாஸ் ஷூ நண்பனுடையது, காலுக்குக் கொஞ்சம் பெரிது, உள்ளே துணி வைத்திருந்தேன்.

ஸ்னாட்சில் கடைசிக்கு முந்தின ஆளாக நின்றேன். ஜெர்க்கில் குறைந்த எடை கேட்டவர்கள் ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு உட்கார, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. முதல் தடவையே அவர்கள் முடித்த எடையில் தொடங்கினேன். கடைசித் தடவைக்கு நூறு கிலோவைத் தாண்டிப் போடச் சொன்னேன். மைக்கில் அறிவித்தவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

கம்பியை மார்புக்கு இழுத்தபோது, மூட்டையைத் தோளுக்கு வாங்குகிற அதே மூச்சு தானாக வந்தது. முழங்காலை மடக்கித் தள்ளினேன். மேலே பூட்டிய கைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன. இடது கையும் வலது கையும். அதை நான் பார்க்கவில்லை, உணர்ந்தேன். எதிரே பெஞ்சில் எங்கள் ஊரிலிருந்து வந்த இரண்டு கட்சிக் கரைவேட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தன. கரைவேட்டி வெளியே என்கிற விதி தஞ்சாவூருக்குப் பொருந்தாது.

மொத்தத்தில் இரண்டாம் இடம். ஜெர்க்கில் என் பிரிவில் யாரும் என் பக்கத்தில் வரவில்லை. ஒரு காலேஜ் பையன் வந்து, வாரம் எத்தனை நாள் பயிற்சி என்று கேட்டான். சீசனில் இரண்டு நாள் என்றேன். பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் மில் களத்தில், அன்றைக்கு அரிசி அள்ள வந்தவள் கேட்டாள். "ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"ரெண்டாவது."

"தூக்கணும்னு நினைச்சத தூக்கினீங்களா?"

"தூக்கினேன்."

"அப்பறம் என்ன?" என்று சொல்லிவிட்டு நெல்லைக் கிண்டப் போனாள். வீட்டில் பெண் கேட்கச் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை மூட்டைதான் தூக்கினேன். மில்லிலிருந்து அரசாங்கக் கிடங்குக்கு மாறினேன், வேலை அதேதான். வயது ஏற ஏற எடையைக் குறைத்தேன், நாட்களைக் குறைக்கவில்லை. இன்றைக்கும் நேராகத்தான் நடக்கிறேன். கொட்டாயில் அடுத்த வருஷமே லோடுமேன்களில் பாதிப் பேர் மின்வெட்டு நாளுக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேஸ்திரி மட்டும் கடைசிவரை கம்பியைத் தொடவில்லை. எல்லாரும் போன பிறகு உத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் தொங்குவார். முதுகு நீளுது என்பார்.